உதைபந்தாட்டப் பெருவீரர் யோசெப் பிட்சன்

விளையாட்டு வீரரின் புகழ் பெரும்பாலும் அவருடைய கால்கள் ஓயும்வரைதான் நிலைக்கின்றது. அவர் ஆடக் கண்டு ஆரவாரித்த தலைமுறை மறைந்ததும் அவர் பெயரும் மறைந்துபோவதே உலக வழக்கு. அவ்வாறு மறக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் நினைக்கப்பட்ட ஒரு பெருவீரரின் வரலாற்றை இம்மலரில் எம் வாலிபர்கள் முன்னும் பெரியோர்கள் முன்னும் வைக்க விரும்புகின்றோம். அவர்தாம் செக் நாட்டின் யோசெப் பிட்சன். எழுத்தைக் கண்டு அவர் பெயரைப் பிக்கன் என்று வாசிப்போர் உளர். செக் மொழி பேசுவோர் பிட்சன் என்றே ஒலிப்பர். அன்பர்கள் அவரைப் பெப்பி என்று செல்லமாக அழைத்தனர்.

கோல்களின் எண்ணிக்கையை வைத்தே இன்று பலரும் அவரைப் பேசுகின்றனர். அது பேச வேண்டியதுதான். ஆயினும், அதனினும் மேலான ஒன்று அவர் வாழ்வில் உண்டு என்பது எமது துணிபு.

பிறப்பும் வறுமையும்

பிட்சன் 1913ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள் வியன்னா நகரிற் பிறந்தார். அந்நாளில் வியன்னா ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தலைநகர். பொகீமியா, மொராவியா ஆகிய செக் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை மக்கள் அந்நகரின் செங்கற் சூளைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து வாழ்ந்தனர். அவர்கள் நெருங்கிக் குடியிருந்த பவொரித்தன் என்னும் வட்டாரமே பிட்சனின் பிறப்பிடம். பெற்றோர் இருவரும் செக் இனத்தவர். மகனைச் செக் மொழிப் பாடசாலைக்கே அனுப்பினர். விடுமுறைக் காலங்களில் அவர் தென் பொகீமியாவிலுள்ள செட்லித்சே என்னும் ஊரில் தம் பாட்டியாரிடஞ் சென்று தங்குவார். பிறந்த ஊர் வியன்னாவாயினும், வேர் எங்கேயென்பதை அக்குடும்பம் மறக்கவில்லை.

தந்தையார் பிரான்திசெக் தாமும் ஓர் உதைபந்தாட்டக்காரர். ஹேர்த்தா வியன்னா என்னுங் கழகத்துக்கு ஆடியவர். முதலாம் உலக மகாயுத்தத்திற் போர்முனைக்குச் சென்று உயிரோடு மீண்டார். போரிற் பிழைத்த அவரை ஆட்டக்களம் கொண்டுபோயிற்று. ஆட்டத்திற் சிறுநீரகத்தில் அடிபட்டு, சத்திரசிகிச்சைக்கு உடன்படாது, 1921ஆம் ஆண்டு முப்பது வயதிலேயே காலமானார். அப்போது யோசெப்புக்கு ஏறத்தாழ எட்டு வயது. மூன்று ஆண்மக்களையுங் காக்கும் பாரம் தாயார் லுட்மிலாவின் தோள்மேல் விழுந்தது. அவ்வம்மையார் உணவுச்சாலையின் சமையற்கூடத்தில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

போருக்குப் பிந்திய வியன்னாவில் பசி எங்கும் பரவியிருந்தது. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் பணமில்லை. பந்து வாங்கவும் வழியில்லை. கந்தைத் துணிகளைச் சுருட்டிக் கட்டிய பந்தை வெறுங்காலால் உதைத்தே சிறுவன் பழகினான். அந்த வறுமையே பின்னாளில் அவருக்குச் செல்வமாயிற்று. துணிப்பந்து தானாகத் துள்ளாது; சொன்னபடி உருளாது. அதனை வசப்படுத்துவோன் காலுக்குக் கண் வேண்டும். வெறுங்காலில் ஆடிய பழக்கத்தாலேயே பந்தின் போக்கை உணரக் கற்றதாகப் பிட்சன் முதுமையிலுங் கூறுவார். வலக்கால், இடக்கால் என்ற பேதம் அவரிடமில்லை. எந்தக் காலால் உதைத்தாலும் விசையும் குறியும் ஒன்றே.

தந்தை ஆடிய ஹேர்த்தா கழகத்திலேயே மகனும் ஆடத் தொடங்கினார். அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலுக்கும் கழகத்தை ஆதரித்த ஒருவர் ஒரு ஷில்லிங் கொடுத்தார் என்பர். அந்தச் சில்லறை அவ்வீட்டிற் பாணாகவும் பாலாகவும் மாறியிருக்கும். ஓர் ஆட்டத்தில் எதிரணியினன் மகனை முறைகேடாக வீழ்த்தியதைக் கண்ட தாயார், குடையுங் கையுமாக மைதானத்துள் ஓடி அவனை அடித்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கணவனை ஆட்டக்களத்தின் காயத்துக்குப் பறிகொடுத்த தாய் அவர் என்பதை நினைத்தால், அக்கதை சிரிப்புக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

வியன்னாவில் வளர்ந்த புகழ்

1931ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், வியன்னாவின் பெருங்கழகமான றப்பிட் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்நாளில் ஒஸ்திரியாவின் தேசிய அணியை அற்புத அணி என்றே ஐரோப்பா அழைத்தது. ஹியூகோ மைசில் என்பார் அதனை நடத்தினார். மத்தியாஸ் சிண்டெலார் அதன் நடுநாயகமாக விளங்கினார். சிண்டெலாரும் மொராவியாவிற் பிறந்து, அதே பவொரித்தன் வட்டாரத்தில் வளர்ந்து, அதே ஹேர்த்தா கழகத்திலே தொடங்கியவர். ஒரே தெருப்புழுதியிலிருந்து எழுந்த இரு செக் பிள்ளைகள் ஒஸ்திரியாவின் சட்டையை அணிந்து உலகை வியக்கச் செய்தனர்.

பிட்சன் 1933 நொவெம்பரில் கிளாஸ்கோ நகரில் ஸ்கொத்லாந்துக்கு எதிராகத் தேசிய அணியில் முதன்முதலாக இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. அடுத்த ஆண்டு, 1934இல், இத்தாலியில் உலகக் கிண்ணப் போட்டிகள் நிகழ்ந்தன. தூரின் நகரில் பிரான்சுடன் நடந்த முதலாட்டம் மேலதிக நேரம்வரை நீண்டது. அதில் ஒஸ்திரியாவின் மூன்றாவது கோலைப் பிட்சன் அடித்தார். 3-2 என ஒஸ்திரியா வென்றது. அடுத்து ஹங்கேரியையும் வென்று, அரையிறுதியில் மிலான் நகரில் இத்தாலியைச் சந்தித்தது. மழையாற் சேறாகிய மைதானம் ஒஸ்திரியரின் நுணுக்கமான ஆட்டத்துக்கு இடந்தரவில்லை. ஒரே கோலால் இத்தாலி வென்றது. முசோலினியின் ஆட்சியில் நடந்த அப்போட்டியில் மத்தியஸ்தர் நடுநிலை தவறினார் என்பதைப் பிட்சன் தம் இறுதிக்காலம்வரை சொல்லிவந்தார். இறுதியாட்டத்தில் இத்தாலியிடம் தோற்றது செக்கோசிலவாக்கியா. பெற்றோரின் நாடும் பிறந்த நாடும் ஒரே போட்டியில் ஒரே எதிரியிடம் வீழ்ந்ததை அவர் கண்டார்.

அவருடைய ஆட்டத்தின் சிறப்பு யாது? முதலாவது, வேகம். நூறு மீற்றர் தூரத்தைப் 10.8 செக்கனில் ஓடக்கூடியவர் என்று அவரைக் குறித்து எழுதியுள்ளனர். அந்நாளில் அது தேர்ந்த ஓட்டவீரருக்குரிய வேகம். இரண்டாவது, இரு கால்களும் ஒப்பப் பயின்றமை. மூன்றாவது, குறி. கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தின்மேற் போத்தல்களை வரிசையாக வைத்து, இருபது மீற்றர் தூரத்தில் நின்று ஒவ்வொன்றாக உதைத்து வீழ்த்துவது அவர் பயிற்சி என்பர். வேகம் பிறப்பால் வந்ததாகலாம். குறியோ நாள்தோறும் தனியே நின்று உழைத்ததால் வந்தது. எம் வாலிபர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.

அவரை முனிவராக்கிக் காட்டுவது எம் நோக்கமன்று. தம் ஆட்டத்துக்குரிய ஊதியத்தைக் கேட்டுப் பெறுவதில் அவர் பின்வாங்கியவரல்லர். றப்பிட் கழகத்தோடு பிணக்குற்று 1935இல் அட்மிரா கழகத்துக்குச் சென்றார். வறுமையில் வளர்ந்தவருக்குத் தம் உழைப்பின் விலை தெரியாமலிருக்குமா?

பிராக் நகரமும் போர்க்காலமும்

1937ஆம் ஆண்டில் பிட்சன் வியன்னாவை விட்டுப் பிராக் நகரம் சென்று சிலாவியா கழகத்திற் சேர்ந்தார். முன்னோர் விட்டு வந்த நாட்டுக்கு மகன் திரும்பினான் எனலாம். மறு ஆண்டு மார்ச் மாதத்தில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுட் புகுந்தன. அவர் ஆடிய ஒஸ்திரிய அணி என்ற ஒன்றே இல்லாதொழிந்தது.

செக்கோசிலவாக்கியாவின் பிரசாவுரிமைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். எழுதுவினைஞரின் தவறொன்றால் உரிய பத்திரங்கள் காலத்தில் வந்துசேரவில்லை. அதனால் 1938இல் பிரான்சில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு அவர் செல்ல முடியாதுபோயிற்று. காற்பங்கிறுதியில் பிரேசிலுடன் மோதிய செக்கோசிலவாக்கியா முதலாட்டத்தைச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றது. பிட்சன் இருந்திருந்தால் என்று செக் மக்கள் பின்னாளிற் பெருமூச்செறிந்தனர். ஒரு கடதாசியிலே நேர்ந்த பிழை ஒரு வீரனின் உரிமையை எவ்வளவு எளிதாகப் பறித்துவிடுகின்றது! அவர் உலகக் கிண்ணத்தில் மீண்டும் ஆடவேயில்லை.

ஆயினும் அதே ஆண்டில் மத்திய ஐரோப்பியக் கழகங்களின் பெருங்கிண்ணமாகிய மித்ரோபா கிண்ணத்தைச் சிலாவியா வென்றது. இத்தாலியின் அம்புரோசியானா கழகத்தை பிராக் நகரில் 9-0 எனத் தோற்கடித்து முன்னேறி, இறுதியில் ஹங்கேரியின் பெரென்ஸ்வாரோசுக் கழகத்தை வென்றது. பத்துக் கோல்களோடு அப்போட்டித் தொடரில் முதலிடம் பெற்றவர் பிட்சன். கிண்ணத்தை வென்ற அந்தச் செப்டெம்பர் மாத இறுதியிலேதான் மியூனிக் உடன்படிக்கையால் செக் நாட்டின் எல்லைப் பகுதிகள் ஹிட்லருக்குத் தாரைவார்க்கப்பட்டன. 1939 மார்ச் 15இல் ஜேர்மன் படை பிராக் நகருள் நுழைந்தது.

ஜேர்மன் பிரசாவுரிமையை ஏற்கும்படி பிட்சனை வற்புறுத்தினர், அவர் மறுத்துவிட்டார். ஏற்றிருந்தால் ஜேர்மன் தேசிய அணியின் வாயில் அவருக்குத் திறந்திருக்கும். 1939 நொவெம்பர் 12இல் பிரெஸ்லவு நகரில், அடிமைப்பட்டிருந்த பொகீமியா-மொராவியாவின் அணி ஜேர்மன் அணியை எதிர்த்து ஆடியது. ஆட்டம் 4-4 எனச் சமநிலையில் முடிந்தது. அந்த நான்கில் மூன்று பிட்சனுடையவை. ஐந்து நாட்கள் கழித்து, நொவெம்பர் 17இல், ஜேர்மன் ஆட்சியாளர் செக் பல்கலைக்கழகங்களை மூடி மாணவர்களைச் சிறைப்பிடித்தனர். அத்தகைய நாட்களில் ஓர் அடிமை நாட்டின் அணி ஆள்வோரின் அணிக்கு முன் தலைகுனியாது நின்றது மக்கள் மனத்துக்கு எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போர்க்காலத்திற் செக் கழகங்களின் போட்டிகள் நின்றுவிடவில்லை. 1940 முதல் 1943 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சிலாவியா சம்பியனாயிற்று. 1943-44ஆம் பருவத்தில் மட்டும் பிட்சன் 57 கோல்களை அடித்தார்.

தலைவணங்காத வாழ்வு

யுத்தம் முடிந்தபின் இத்தாலியின் யுவெந்துஸ் கழகம் பெரும்பொருள் தருவதாகக் கூறி அவரை அழைத்தது. இத்தாலியிற் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வரக்கூடும் என்று கேள்விப்பட்ட பிட்சன் போக மறுத்துப் பிராக் நகரிலேயே தங்கினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! இத்தாலியில் அது நிகழவில்லை. 1948 பெப்ரவரியில் செக்கோசிலவாக்கியாவிலேயே நிகழ்ந்தது.

நாட்டின் மிகப் புகழ்பெற்ற வீரரைத் தம் கட்சியில் உறுப்பினராக்கப் புதிய ஆட்சியாளர் விரும்பினர். நாஜிகளுக்கு இசையாதவர் இவர்களுக்கும் இசையவில்லை. ஒரு கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. அதனைப்பற்றி இங்கு வழக்காட நாம் வரவில்லை. அச்சத்தினாலோ ஆதாயத்தினாலோ மனம் ஒப்பாத ஒன்றுக்கு அவர் கையொப்பமிடவில்லை என்பதையே நாம் எடுத்துக்காட்டுகின்றோம்.

அதற்கான விலையையும் அவர் கொடுத்தார். சிலாவியா செல்வர்களின் கழகம் என்று பழிக்கப்பட்டது. பிட்சன் வித்கொவித்சே இரும்பாலைத் தொழிலாளரின் கழகத்துக்குச் சென்றார். 1950ஆம் ஆண்டில், முப்பத்தாறு வயதிலும் நாட்டில் அதிக கோல் அடித்தவராக விளங்கினார். பின்னர் ஹிராதெத்ஸ் கிராலொவே என்னும் நகரின் கழகத்தில் ஆடினார். 1953 மே முதலாந் திகதி அந்நகரில் ஊர்வலம் நடந்தது. புதிய சனாதிபதி சப்போதொத்ஸ்கியை வாழ்த்திக் கோஷமிட வேண்டிய மக்கள், பிட்சன் வாழ்க என்று முழங்கினர். அவர் கேட்டுப் பெற்ற வாழ்த்தன்று அது. இருந்தும் நகரை விட்டு உடனே வெளியேறும்படி அவருக்குக் கட்டளை பிறந்தது. மக்கள் அன்பே ஒருவருக்குக் குற்றமாக முடிந்த விந்தை அது.

மீண்டும் பிராக் வந்து, டைனமோ என்று பெயர் மாற்றப்பட்டிருந்த தம் பழைய சிலாவியாவுக்கு ஆடி, 1955இல், நாற்பத்திரண்டாம் வயதில், ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார். பிற்காலத்திற் பல சிறு கழகங்களுக்குப் பயிற்சியாளராயிருந்தார். உடலுழைப்பு வேலைகளையுஞ் செய்து காலங்கழித்தார். 1969இல் பெல்ஜியத்திலுள்ள தொங்கெரன் என்னுங் கழகத்துக்குப் பயிற்றுநராகச் சென்று சில ஆண்டுகள் பணிபுரிந்தார். அந்நாட்களிற் பிராக் நகரத் தெருவிலே அவரைக் கடந்துசென்ற இளைஞர் பலருக்கு அவர் யாரென்று தெரிந்திராது.

எண்ணிக்கையும் பெருமையும்

1969 நொவெம்பரில் பிரேசிலின் பெலே தமது ஆயிரமாவது கோலை அடித்தபோது உலகமே கொண்டாடிற்று. அதனினும் மிகுதியாக அடித்தவர் உளரோ என்று தேடிய செய்தியாளர் சிலருக்குப் பிட்சனின் பெயர் எட்டியது. இவ்வளவு காலமும் ஏன் சொல்லாதிருந்தீர் என்று கேட்டபோது, சொன்னால் யார் நம்பியிருப்பார் என்ற கருத்துப்பட அவர் பதிலிறுத்ததாகச் சொல்லுவர்.

கணக்கெடுப்போர் அவருடைய முறைப்படியான ஆட்டங்களில் மட்டும் 805 கோல்கள் எனப் பதிந்துள்ளனர். செக் உதைபந்தாட்டச் சங்கம் 2021இல் மீண்டும் ஆராய்ந்து 821 என்றது. 2022 மார்ச்சில் போர்த்துக்கலின் கிறிஸ்தியானோ ரொனால்டோ 807 கோல்களை எட்டியபோது, பிட்சனின் பெயர் உலகப் பத்திரிகைகளில் மறுபடியும் அடிபட்டது. போர்க்காலப் போட்டிகளைச் சேர்ப்பதா, இரண்டாம் அணியின் ஆட்டங்களைச் சேர்ப்பதா என்பனபற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. போரில் அலைக்கழிந்த கழகங்களை எதிர்த்து அடித்த கோல்களை ஏனைய காலத்துக் கோல்களோடு ஒரே தராசில் நிறுப்பது எளிதன்று என்போரின் வாதத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், அதே போர்தான் அவருடைய இருபத்தைந்தாம் வயது முதல் முப்பத்திரண்டாம் வயதுவரையான பொற்காலத்தை உலக அரங்கினின்றும் பறித்தது என்பதையும் அத்தராசிலே வைக்க வேண்டும். ஒஸ்திரியாவுக்காக 19 ஆட்டங்களில் 14, செக்கோசிலவாக்கியாவுக்காக 14 ஆட்டங்களில் 12, பொகீமியா-மொராவியாவுக்காக ஓராட்டத்தில் 3 எனச் சர்வதேச ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 29 மட்டுமே. தேசப்படம் மாறாத காலத்திற் பிறந்திருந்தால் இத்தொகை எவ்வளவு வளர்ந்திருக்கும்!

1989இல் செக்கோசிலவாக்கியாவில் ஆட்சி மாறிய பின்னரே பிட்சனுக்கு உரிய மதிப்பு வெளிப்படையாகக் கிடைத்தது. அப்போது அவர் எழுபத்தாறு வயது முதியவர். 2001ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாள், எண்பத்தெட்டாம் வயதில், பிராக் நகரில் அவர் காலமானார். இசைமேதைகளான ஸ்மேத்தனாவும் துவோர்ஷாக்கும் துயிலும் விஷெராட் மயானத்தில் அவருடலும் அடக்கஞ் செய்யப்பட்டது. கந்தைப் பந்தை உதைத்த சமையற்காரியின் மகன் நாட்டின் மேதைகளுக்கு நடுவே இடம்பெற்றான்.

நாம் கொள்ள வேண்டியவை

வாலிப அன்பர்களே! சப்பாத்தில்லை, மைதானமில்லை, உதவுவாரில்லை என்று சோர்ந்திருப்போருக்குப் பிட்சனின் இளமை விடையாகும். இருப்பதைக் கொண்டு தொடங்குக. வலிய காலை நம்பி மெலிந்த காலை விட்டுவிடாது, இரண்டையும் ஒப்பப் பயிற்றுக. இது பந்தாட்டத்துக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் தொழிலுக்கும் பொருந்தும். பலனை எண்ணி ஏங்காது கடமையைச் செய்க என்று எம் சமயம் போதிக்கின்றது. உலகம் எண்ணிப் பார்க்கிறதா என்று திரும்பிப் பாராமல் நாற்பத்திரண்டு வயதுவரை ஆடிய அம்மனிதர், அப்போதனையை அறியாமலே வாழ்ந்து காட்டியவர்.

பெரியோர்களே! ஒரு விண்ணப்பம். பிட்சனை அவர் நாடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறந்திருந்தது. எம்மூர்களிலும் ஒரு காலத்தில் ஊரே திரண்டு தோளிற் சுமந்த ஆட்டக்காரர் இன்று திண்ணையின் ஓரத்தில் தனித்திருக்கலாம். அவர் கால்கள் ஓய்ந்தன. கண்களும் நினைவும் ஓயவில்லை. அவரை அழைத்து எம் இளைஞர் முன் இருத்திப் பேசச் செய்வது எம் கடன். மாலையை உயிரோடிருக்கும்போதே சூட்டுவோம். வரலாற்றைக் கேட்கக்கூடிய காலத்திலேயே கேட்டு எழுதிவைப்போம்.

யோசெப் பிட்சனின் கோல்களை எவரேனும் கடந்து செல்வர், கடந்துஞ் சென்றுவிட்டனர். மாறி வந்த இரு பெரும் வல்லாட்சிகளுக்கு முன் நிமிர்ந்து நின்ற அவர் தலையை எக்கணக்கும் கடந்துவிட முடியாது. அப்பெருமகனின் நினைவு எம் வாலிபர் உள்ளத்தில் நின்று நிலவுவதாக.